சைக்கிளால் விழுந்தவர்

பொலிஸ் புத்தகத்தில் ஏறாத, ஆஸ்பத்திரிக் காகிதத்தில் பிழையாக ஏறிய ஒரு விபத்து இது. நடந்தது 2022 நவம்பர் 16, புதன்கிழமை, இரவு ஏழரைக்குக் கொஞ்சம் பிந்தி. இடம், மன்னார் - தலைமன்னார் வீதியில் தோட்டவெளிக்கும் பேசாலைக்கும் இடையில், இரண்டு பக்கமும் பனங்கூடல் வருகிற ஓரிடம். அதைவிடத் துல்லியமாகச் சொன்னால் ஆளைச் சொன்னதாகிவிடும், தீவு சின்னது. இடித்தவன் நான்.

நான் யார் என்பதையும் சொல்லவேண்டும். குற்றத்தில் பாதி அதில்தான் கிடக்கிறது. இருபத்தாறு வருடமாகச் சுகாதாரமும் உடற்கல்வியும் படிப்பிக்கிறேன். செஞ்சிலுவைச் சங்கத்தின் முதலுதவிப் பயிற்சி இரண்டு தரம் எடுத்தவன்; சான்றிதழ் வீட்டு விறாந்தையில் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. இல்ல விளையாட்டுப் போட்டி என்றால் மைதான ஓரத்தில் முதலுதவிப் பெட்டியோடு கதிரை போட்டு இருக்கிற வாத்தி நான்தான். இந்தியாவின் உதவியோடு 2016இல் மேற்கிலும் தெற்கிலும் தொடங்கின 1990 அம்புலன்ஸ் சேவை 2018 யூலையில் வடக்குக்கு வந்தபோது, ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகளைக் கொண்டு கொப்பியின் பின்மட்டையில் அந்த நாலு இலக்கத்தையும் பெரிதாக எழுதுவித்தேன். 2021 மார்ச்சில் தலைமன்னாரில் ரயில் கடவையில் ஒரு பஸ்ஸும் ரயிலும் மோதி, பதினான்கு வயதுப் பள்ளிப்பிள்ளை ஒன்று போய், இருபது பேருக்கு மேல் காயப்பட்டார்கள். அடுத்து வந்த காலைக் கூட்டத்தில் பத்து நிமிடம் பேசினேன். சுற்றி நிண்டு காற்றை மறிக்காதேங்கோ, விழுந்த ஆளைக் கையில காலில பிடிச்சு இழுக்காதேங்கோ, சோடா பருக்காதேங்கோ, ரத்தம் வந்தால் துணியை வைச்சு அமத்துங்கோ, 1990க்கு அடியுங்கோ. நல்லாய்ப் பேசினீர்கள் என்று அதிபர் முதுகில் தட்டினார்.

இனி 2022. அந்த வருடத்தை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. மோட்டச்சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர் பெற்றோல், அதுவும் கியூஆர் காட்டினால். ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குப் பாய்ந்தது. எஞ்சின் பூட்டிய படகுகள் பல கரையில் ஏறின. நான் இடித்த மனிதர் கூலிக்குப் போய்வந்த படகும் அப்படி ஏறினதுதான். அறுபத்துமூன்று வயதில் அவர் பழைய லுமாலா சைக்கிளின் கரியரில் கருவாட்டுச் சாக்கைக் கட்டிக்கொண்டு வீடு வீடாக விற்கத் தொடங்கியிருந்தார். என் பங்குக்கு நானும் ஒன்றைத் தள்ளிப்போட்டிருந்தேன். மோட்டச்சைக்கிளின் இன்சூரன்ஸ் ஒக்டோபர் 28ஆம் திகதியோடு முடிந்திருந்தது. மூன்றாம் தரப்புக் காப்புறுதிக்கு ஒரு பெரிய காசு இல்லை. ஆனால் அந்த மாதங்களில் பெரிய காசு இல்லாததையும் தள்ளிப்போட்டுப் பழகியிருந்தோம். சம்பளம் வரட்டும், கட்டுவம் என்று விட்டேன். பத்தொன்பது நாள் ஓடியிருந்தது.

அன்றைக்குப் பேசாலையில் ஒரு செத்தவீட்டுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தேன். மழை விட்டு வீதி ஈரமாய் இருந்தது. மன்னாரில் வண்டி ஓடுகிறவர்களுக்குத் தெரியும், மாரி காலத்து இரவுகளில் நிலம் நனைந்தால் கழுதைகள் தாரில் வந்து படுக்கும். தார் மண்ணுக்கு முந்திக் காயும், சூடாயும் இருக்கும். சாம்பல் நிறத் தாரில் சாம்பல் நிறக் கழுதை. பத்து முழத்துக்கு இங்கால்தான் கண்டேன். இடப்பக்கம் வெட்டினேன். இடப்பக்கத்தில் பின்விளக்கு இல்லாத சைக்கிளில் அவர் போய்க்கொண்டிருந்தார்.

கழுதை எழும்பக்கூட இல்லை. நான் சறுக்கி விழுந்து முழங்கை உரஞ்சுப்பட்டு எழும்பினேன். என் தலையில் தலைக்கவசம் இருந்தது. அவர் வீதிக்கரை மணலில் ஒருக்களித்துக் கிடந்தார், ஒரு காது மணலுக்குள். சைக்கிளின் முன்சில்லு தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. சாக்கு கிழிந்து கட்டாக் கருவாடு வீதியெல்லாம் சிதறி, மழை வாசத்துக்கு மேலால் அந்த நெடி எழும்பியது. அரை நிமிடமாவது அவர் அசையவில்லை. அந்த அரை நிமிடத்தைக் கண்ட ஒரே மனிதன் நான் என்பதை நினைவில் வைத்திருங்கள். பிறகு தேவைப்படும்.

முதலில் படித்ததையெல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன். வாகனம் வருகுதா என்று பார்த்தேன். மூச்சு இருக்கிறதா பார்த்தேன். ரத்தம் வழிகிறதா என்று ஃபோன் வெளிச்சத்தில் தலையைச் சுற்றிப் பார்த்தேன். காதுக்குமேல் ஒரு புடைப்பு, அவ்வளவுதான். கண் திறந்தார். பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற அதே கேள்விகளைக் கேட்டேன்.

"அண்ணை, உங்கட பேர் என்ன?"

சொன்னார்.

"எங்க போறியள்?"

"வீட்டை."

"இண்டைக்கு என்ன கிழமை?"

கொஞ்சம் யோசித்தார். "வெள்ளி" என்றார்.

அந்த இடத்தில்தான் நான் இரண்டு ஆளானேன். தலையில் அடிபட்டவர் கிழமையைப் பிழையாகச் சொன்னால் என்ன அர்த்தம் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டியவன் ஒருவன். கடற்தொழிலாளிக்குக் கிழமை என்ன, நேரம் என்ன, எல்லா நாளும் ஒரே நாள்தானே என்று சொல்லிக்கொண்டவன் மற்றவன். மற்றவன் சொன்னது அப்பட்டமான பொய். ஞாயிற்றுக்கிழமை கடலில் படகு இறக்காத சனம் அவருடையது. கிழமை தெரியாமல் அவர்களுக்கு ஒரு பூசையும் இல்லை, ஒரு தொழிலும் இல்லை. எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே, அந்தக் கேள்வியைக் கேட்காதது மாதிரி அடுத்ததுக்குப் போனேன்.

ஏனென்றால் அதற்குள் எனக்கு ஒக்டோபர் 28 நினைவுக்கு வந்துவிட்டது.

அம்புலன்ஸைக் கூப்பிட்டால் ஆஸ்பத்திரி. வீதி விபத்து என்று ஆஸ்பத்திரியில் சொன்னால் பொலிஸ். பொலிஸ் வந்தால் முதல் கேட்பது லைசனும் இன்சூரன்ஸும். இன்சூரன்ஸ் இல்லாமல் வண்டி ஓடி ஆளை இடித்த வாத்தியார் என்று ஒரு வரி. நீதிமன்றம், தண்டப்பணம், திணைக்களத்துக்கு ஒரு கடிதம், சந்தையில் ஒரு கதை. இவ்வளவும் மூச்செடுத்து விடுகிற நேரத்துக்குள் தலைக்குள் ஓடிமுடிந்தது. கீழே கிடந்தவரின் தலைக்குள் என்ன ஓடுகிறது என்று நான் யோசித்த நேரம் அதைவிடக் குறைவு.

அவர் எழும்பப் பார்த்தார். பிடித்துப் படுக்கவைத்திருக்க வேண்டும். கழுத்தை அசையவிடாமல் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு ஆள் வரும்வரை இருக்கவேண்டும். நான் கமக்கட்டுக்குள் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினேன். நின்றார். "ஒண்டுமில்லைத் தம்பி" என்றார். இந்த நாட்டில் விபத்தில் அடிபட்ட ஆள் முதலில் சொல்வது அதைத்தான். அடிபட்ட மறு நிமிடத்தில் உடம்புக்கு நோவும் தெரியாது, மனதுக்கு வெட்கம்தான் முந்திக்கொண்டு வரும். அந்த நேரத்துச் சொல்லை நம்பாதேங்கோ என்றும் படிப்பித்திருக்கிறேன். அன்றைக்கு அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு நான் சொன்னதை ஒரு சொல் பிசகாமல் எழுதுகிறேன்.

"அண்ணை, பொலிசுக்குப் போனா உங்களுக்கும் அலைச்சல், எனக்கும் அலைச்சல். ஆஸ்பத்திரியிலயும் இப்ப மருந்தில்லை எண்டுதான் கதை. வீட்டை போவம். செலவை நான் பாக்கிறன்."

இந்த நாலு வசனத்துக்குள்ளும் எவ்வளவு கெட்டித்தனம் இருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. முப்பது வருடம் சீருடையையும் பதிவையும் கண்டு ஒதுங்கி வாழ்ந்த சனம் எங்களுடையது. பொலிஸ் என்ற சொல்லைச் சும்மா காற்றில் விட்டாலே போதும், ஆள் பின்வாங்கும். அந்தப் பயத்தை நான் உண்டாக்கவில்லை. இருந்ததை எடுத்துப் பாவித்தேன். மருந்துத் தட்டுப்பாடு அந்த வருடம் நாடு முழுக்க உண்மை. ஆனால் அரசாங்க ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் படுக்கவைத்துக் கவனிக்க அவருக்கு ஒரு சதம் செலவில்லை. இந்த நாட்டில் அது இலவசம். கடலுக்கு அந்தப்பக்கம் தமிழ்நாட்டில், விபத்தில் காயப்பட்டவருக்கு முதல் 48 மணித்தியாலச் சிகிச்சைக்கு அரசாங்கம் பணம் கட்டுகிற திட்டத்தை 2021 டிசம்பரில்தான் தொடங்கினார்கள். அங்கே தனியார் ஆஸ்பத்திரி, பில் என்ற பயம் நியாயமானது. இங்கே அந்தப் பயத்துக்கு இடமே இல்லை. "செலவை நான் பாக்கிறன்" என்றது, இல்லாத செலவுக்கு நான் காட்டின பெருந்தன்மை.

ஒரு ஓட்டோ வந்தது. பொடியன் இறங்கி ஓடிவந்தான். "பெரியாஸ்பத்திரிக்கோ மாஸ்டர்?" "இல்லைத் தம்பி, வீட்டை." சைக்கிளை ஓட்டோவின் பின்னால் கட்டினோம். நான் சிதறின கருவாட்டைப் பொறுக்கிச் சாக்குக்குள் போட்டேன். ஏன் அவ்வளவு கவனமாகப் பொறுக்கினேன் என்று தெரியவில்லை, ஒன்றுவிடாமல் பொறுக்கினேன். கழுதை அப்போதும் அங்கேயே கிடந்தது. மன்னாரில் அடிபடுகிற கழுதைகளுக்கென்று ஒரு சிகிச்சை நிலையம் இருக்கிறது. அன்றிரவு இடிபட்டது கழுதையாய் இருந்திருந்தால் நிச்சயம் யாருக்காவது அறிவித்திருப்பேன்.

வீட்டில் மனைவியும் மகளும். மகளைக் கண்டதும் எனக்கு அடிவயிறு குளிர்ந்தது. ஒன்பதாம் ஆண்டில் என்னிடம் படித்த பிள்ளை. தகப்பனைக் கதிரையில் இருத்தி, புடைப்பைத் தொட்டுப் பார்த்து, என்னைப் பார்த்து, வகுப்பில் விடை சொல்கிற பிள்ளையின் அதே குரலில் கேட்டாள்:

"சேர், 1990க்கு அடிப்பமா?"

"தேவையில்லைப் பிள்ளை. நான் பாத்திட்டன். ஒண்டுமில்லை."

ஃபோன் கையில் இருந்தது. கீழே வைத்தாள். சேர் சொன்னால் சரி.

தாய் மஞ்சளும் உப்பும் வறுத்து ஒத்தடம் கொடுத்தாள். அடுத்த நாள் காலை ஃபோன் எடுத்தேன். "அப்பா இரவு ரெண்டுதரம் சத்தி எடுத்தவர் சேர்" என்றாள் பிள்ளை. "பயத்தில வாறது, தேசிக்காய்த் தண்ணி குடுங்கோ" என்றேன். கிழமை மாறிச் சொன்னது, மயங்கிக் கிடந்தது, சத்தி எடுத்தது, வயது அறுபதுக்கு மேல். இதில் ஒன்று இருந்தாலே ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்றுதான் பாடம். நாலும் இருந்தன.

மூன்றாம் நாள் பத்தாயிரம் ரூபாயோடு போனேன். அதோடு கொப்பி ஒற்றை ஒன்றையும் கொண்டுபோனேன். இந்த ஒற்றையைப் பற்றி இங்கே எழுதுவதா விடுவதா என்று ஒரு மாதம் யோசித்தேன். அந்த ஒற்றையில் என் கையெழுத்தில் இப்படி எழுதியிருந்தேன்: மேற்படி சம்பவம் தொடர்பாக எனக்கு எவ்வித முறைப்பாடும் இல்லை, நட்டஈடு பெற்றுக்கொண்டேன். அவர் வாசித்துக்கூடப் பார்க்கவில்லை. வலை பொத்துகிற ஊசியைக் கீழே வைத்துவிட்டுப் பேனையை வாங்கிக் கையெழுத்து வைத்தார். அழகான கையெழுத்து, முதல் எழுத்துக்குக் கீழே ஒரு சுழி. "எனக்கு உங்களில நம்பிக்கை இருக்கு மாஸ்டர், இதெல்லாம் என்னத்துக்கு" என்றார். நான் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

அடுத்த கிழமை பத்தாம் ஆண்டுக்கு முதலுதவிப் பாடம் வந்தது. படிப்பித்தேன். நல்லாய்த்தான் படிப்பித்தேன்.

மூன்று கிழமை கழிந்து, டிசம்பர் இரண்டாம் வாரம். அவருக்குத் தலையிடி விடாமல் இருந்திருக்கிறது. பனடோல் போட்டிருக்கிறார். வலது கால் இழுபட்டிருக்கிறது. சாறம் இடுப்பில் நிற்காமல் அவிழ்ந்து அவிழ்ந்து விழ, மனுசி ஏசியிருக்கிறாள். ஒருநாள் காலையில் தேத்தண்ணிக் கோப்பை கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் எடுக்கவேண்டிய பொருளின் பெயரைச் சொல்ல முடியாமல் நின்றார். மகள் இந்தமுறை யாரையும் கேட்கவில்லை. 1990க்கு அடித்தாள். யாழ்ப்பாணத்துக்கு மாற்றினார்கள். மண்டையோட்டில் துளை போட்டுத் தேங்கியிருந்த பழைய ரத்தத்தை எடுத்தார்கள்.

தோடம்பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு நானும் போனேன். அறையில் நின்ற இளம் டொக்டர் பொறுமையானவர். வயதுபோனால் மூளை கொஞ்சம் சுருங்கும், அதற்கும் மண்டையோட்டுக்கும் இடையில் ஓடுகிற சின்ன நாளங்கள் இழுபட்டு நிற்கும், ஒரு அடியில் ஒன்று கிழிந்தால் ரத்தம் சொட்டுச் சொட்டாகக் கசியும், கிழமைக்கணக்காகும் வெளியில் தெரிய என்றார். பிறகு கொப்பியைத் திறந்துகொண்டு கேட்டார்.

"எப்பிடி அடிபட்டது?"

பிள்ளை என்னை ஒருதரம் பார்த்தாள். ஒருதரம்தான்.

"சைக்கிளால விழுந்தவர்."

"தனியவா?"

"ஓம்."

"விழுந்த உடன மயங்கினவரோ? எவ்வளவு நேரம்?"

"தெரியாது டொக்டர். ஒருத்தரும் பாக்கேல்லை."

அரை நிமிடம் என்று சொல்ல அந்த அறையில் ஒருவன் நின்றான். தோடம்பழப் பையைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றான். டொக்டர் எழுதினார். பேனை கடதாசியில் ஓடுகிற சத்தம் கேட்டது.

அவர் பிழைத்தார். நடக்கிறார். சொற்கள் மெல்ல வருகின்றன. வலக்கை விரல்கள் மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. பிடி இருக்கிறது, நுணுக்கம் இல்லை. வலை பொத்த முடியாது, முடிச்சுப் போட முடியாது. மூன்று கிழமை முந்திப் போயிருந்தால் கை திரும்பியிருக்குமா என்று அந்த டொக்டரை நான் கேட்கவில்லை. கேட்டால், மூன்று கிழமை முந்தி என்ன நடந்தது என்று அவர் கேட்பார்.

அடுத்த வருடம் மன்னாரில் எனக்குத் தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம், ஒரு சிநேகிதனுக்காக என்று சொல்லிக்கொண்டு போனேன். அவர் சிரிக்காமல் கேட்டார். இப்படிச் சிநேகிதனுக்காக வருகிறவர்கள் அவருக்குப் புதிதில்லைப் போல. அவர் சொன்னவை எல்லாம் நான் அந்த மனிதரிடமிருந்து எடுத்துக்கொண்டவற்றின் கணக்குத்தான்.

விபத்து நடந்தால் சாரதி நிற்கவேண்டும், காயப்பட்டவருக்கு உதவவேண்டும், பேரும் விலாசமும் கொடுக்கவேண்டும், பொலிசுக்கு அறிவிக்கவேண்டும். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் அதைச் சாரதியின் கடமை என்கிறது, காயப்பட்டவர் கேட்டுப் பெறுகிற சலுகை என்று சொல்லவில்லை. முறைப்பாடு பதிந்தால் பொலிஸ் ஒரு படிவத்தை ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கும். அதை வைத்துச் சட்ட வைத்திய அதிகாரி ஆளைப் பரிசோதித்து, எங்கே என்ன காயம், எதனால் வந்திருக்கும், எவ்வளவு பாரதூரம் என்று எழுதுவார். பின்னால் நீதிமன்றத்தில் நிற்கப்போவது அந்தக் காகிதம். ஆஸ்பத்திரி விட்டு வெளிக்கிடும்போது தருகிற டயக்னோசிஸ் கார்டைத் தொலைக்கக்கூடாது. அதில் விபத்து எப்படி நடந்தது என்று எழுதின வரி பிழை என்றால் அன்றைக்கே சொல்லித் திருத்தவேண்டும். இடித்த வண்டியின் இலக்கம், இன்சூரன்ஸ் எந்தக் கொம்பனி, பார்த்த ஆளின் ஃபோன் இலக்கம், இந்த மூன்றும் முதல் நாளே கையில் இருக்கவேண்டும். அந்த ஓட்டோப் பொடியனை நினைத்துக்கொண்டேன். அவன் இப்போது கட்டாரில்.

மூன்றாம் தரப்புக் காப்புறுதி இருக்கிறதே, அது ஓடுகிறவனுக்கு இல்லை, இடிபடுகிறவனுக்குத்தான் என்றார். இன்சூரன்ஸ் இருந்திருந்தால் கொம்பனி கட்டும். இல்லாவிட்டால் இடித்தவன் தன் கைக்காசில் கட்டவேண்டும். வழக்குப் போட வசதியில்லாதவர்கள் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் உண்டான சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம். சுகமாகி முடியுமுன் ஒரு காகிதத்திலும் கையெழுத்து வைக்கக்கூடாது. காயம் முழுதாய்த் தெரியுமுன் சமாதானம் பேசினால், தெரியாத காயத்தையும் சேர்த்து விற்றதாகிவிடும்.

கடைசியாக, காலம். 1871ஆம் ஆண்டுக் காலாவதிக் கட்டளைச் சட்டத்தின்படி இப்படியான நட்டஈட்டு வழக்கை இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும். கடந்தால் கதவு மூடியது. "உம்மட சிநேகிதனுக்கு எப்ப அடிபட்டது?" என்றார். சிநேகிதனுக்கு அடிபடவில்லை என்று சொல்ல வாய்வரைக்கும் வந்தது. "போன வருசம் நவம்பர்" என்றேன். "அப்ப இன்னும் காலம் இருக்கு" என்றார் சந்தோசமாக.

இருந்தது. அதுதான் இந்த எழுத்தின் மிக அசிங்கமான இடம். அந்த ஓராண்டையும் நான் எண்ணினேன். கலண்டரில் வட்டம் போடவில்லை. போடத் தேவை இருக்கவில்லை. கோயிலில், சந்தையில், பேசாலைக் கரையில் அவரைக் காணும்போதெல்லாம், இவருக்கு யாராவது சொல்லிக்கொடுத்துவிட்டார்களா என்று முகத்தைப் பார்ப்பேன். அவர் சிரிப்பார். "மாஸ்டர், சுகமோ?" 2024 நவம்பர் 14, பாராளுமன்றத் தேர்தல் கடமைக்குப் போய் நித்திரை இல்லாமல் வந்து விழுந்து படுத்தேன். தூங்குமுன் கடைசியாக வந்த நினைப்பு, இன்னும் இரண்டு நாள் என்பது. பதினேழாம் திகதி ஞாயிற்றுக்கிழமை காலை கோயிலுக்குப் போனேன். நற்கருணை எடுத்தேன். நிம்மதியாய் இருந்தது என்று எழுத வெட்கமாய் இருக்கிறது, ஆனால் இருந்தது.

இதை நான் அந்த இரண்டு வருடம் கழிந்த பிறகுதான் எழுதுகிறேன் என்பதையும் கவனியுங்கள். கோழையின் ஒப்புதல் அப்படித்தான், கதவு மூடின பிறகு தட்டும். என் தங்கச்சி இதை வாசித்துவிட்டு, "நீங்கள் மாசாமாசம் அந்த வீட்டுக்குச் சாமான் வாங்கிக் குடுக்கிறதையும் எழுதலாமே அண்ணா" என்றாள். கொடுக்கிறேன். அது கணக்கில் வராது. வரவேண்டியதை வரவிடாமல் பண்ணிவிட்டுக் கொடுக்கிற சாமான் அது.

போன மாசி மாதம், சனிக்கிழமை பின்னேரம், பிள்ளை என்னைத் தேடி வீட்டுக்கு வந்தாள். தகப்பனுக்கு மாற்றுத்திறனாளி உதவிப்பணத்துக்கு விண்ணப்பிக்கக் கிராம அலுவலர் சொல்லியிருக்கிறார், கடிதம் ஒன்று எழுதவேண்டும், அப்பா உங்களைத்தான் கூப்பிடச் சொன்னவர் என்றாள். போனேன். முற்றத்தில் வேப்பமரத்தடியில் கதிரை போட்டார்கள். டயக்னோசிஸ் கார்டைப் பொலித்தீன் உறையோடு கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

பேர், வயது, விலாசம், குடும்ப விபரம் எல்லாம் எழுதினேன். இயலாமை ஏற்பட்ட காரணம் என்ற இடத்தில் பேனை நின்றது. அவரைப் பார்த்தேன்.

"அண்ணை, இதில நடந்ததை எழுதுவம்" என்றேன். "நான் இடிச்சதெண்டு எழுதுறன்."

அவர் நேரமெடுத்தார். இப்போதெல்லாம் சொல் வர அவருக்கு நேரமெடுக்கும்.

"வேண்டாம் மாஸ்டர். ஆஸ்பத்திரிக் காட்டில ஒண்டு, இதில வேற ஒண்டு எண்டா அவங்கள் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். சைக்கிளால விழுந்ததெண்டே எழுதுங்கோ."

எழுதினேன். என் கையெழுத்தில்.

கடைசியில் விண்ணப்பதாரர் ஒப்பம். பேனையை நீட்டினேன். வாங்கினார், இரண்டு விரலுக்கிடையில் நிற்காமல் மணலில் விழுந்தது. பிள்ளை குனிந்து எடுத்துத் துடைத்து என்னிடம் தந்துவிட்டு, உள்ளே போய் மைப்பெட்டியோடு வந்தாள். தகப்பனின் பெருவிரலைப் பிடித்து மையில் அழுத்தி, நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் ஒற்றினாள்.

முதல் எழுத்துக்குக் கீழே சுழி போட்டு அவர் வைத்த கையெழுத்து என் அலுமாரியில் இருக்கிறது, கொப்பி ஒற்றையில், நாலாய் மடித்தபடி.